புதுப் பள்ளியா, பழைய ஜமாஅத்தா?

ஊரில் ஏற்கெனவே ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அதற்கு முத்தவல்லி உண்டு, நிர்வாகக் கமிட்டி உண்டு. நிக்காஹ் தஃப்தரும் கபரஸ்தானும் அதன் பொறுப்பிலேயே இருந்து வருகின்றன. ஆனால் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கு வாசித்துப் பல வருடங்களாகி விட்டன. மக்தபில் ஓத வரும் பிள்ளைகள் குறைந்து விட்டனர். பேஷ் இமாமுக்குச் சம்பளம் பாக்கி, ஹவுளில் பாசி. “ஏன் இப்படி?” என்று கேட்கும் வாலிபனுக்கு, “உன் வாப்பாவை வரச் சொல், பேசிக் கொள்கிறோம்” என்பதுதான் பதில்.

இந்த நிலையில் நாலு வாலிபர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அவர்களிடம் உற்சாகம் இருக்கிறது. வெளிநாட்டுச் சம்பாத்தியம் இருக்கிறது. மார்க்கப் பற்றும் இல்லாமலில்லை. “இவர்களோடு மாரடித்துக் கொண்டிருப்பதைவிட நாமே தனியாக ஓர் இடம் வாங்கிப் பள்ளி கட்டி, ஒழுங்காக நடத்திக் காட்டுவோம்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவாகி விடும். ஏழு பேர் கிடைப்பதா கஷ்டம்?

இன்னொரு ஊரில் இதே வாலிபர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். “நாம் ஏன் வெளியே போக வேண்டும்? அடுத்த தேர்தலில் ஆள் சேர்த்து நின்று, இந்தக் கமிட்டியையே நம் கைக்குக் கொண்டு வந்து விடுவோம்” என்கிறார்கள். இதுவும் கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது.

கடலூர் முதுநகரானாலும் சிதம்பரமானாலும், தஞ்சையானாலும் நெல்லையானாலும், இந்த இரண்டு பேச்சும் காதில் விழாத ஊர் இன்று அபூர்வம். நாம் எந்த ஊரையும் சுட்டிச் சொல்ல வரவில்லை. இரண்டு பேச்சிலும் எது மார்க்கத்துக்கு உகந்தது, எங்கே மனிதனின் நஃப்ஸு புகுந்து கொள்கிறது என்பதைத்தான் யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

புதுப் பள்ளி என்றவுடன் ஆலிம்கள் எடுத்துக் கூறுவது மஸ்ஜிது ளிராரின் சம்பவம். குபாப் பள்ளிக்கு அருகிலேயே சிலர் ஒரு பள்ளியைக் கட்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்குக்குப் புறப்படும் நேரத்தில் வந்து, அதில் ஒரு முறை தொழுது தர வேண்டும் என்று கேட்டார்கள். போய்த் திரும்பிய பின் பார்க்கலாம் என்று நாயகம் அவர்கள் கூறினார்கள். திரும்பி வரும் வழியில் வஹீ இறங்கியது. தவ்பா சூராவின் 107-ஆம் வசனம் அந்தப் பள்ளியின் உள்நோக்கத்தை வெளிப்படுத்தியது: தீங்கு செய்யவும், நிராகரிப்புக்கும், முஃமின்களுக்கு இடையில் பிளவு உண்டாக்கவும், முன்பே அல்லாஹ்வோடும் அவன் ரஸூலோடும் போர் தொடுத்த ஒருவனுக்குத் தங்குமிடமாகவும் கட்டப்பட்டது அது. நாயகம் அவர்களின் உத்தரவின்படி அது கொளுத்தப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் நாம் அதிகம் கவனிக்காமல் விட்டு விடும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் சொன்ன காரணம் என்ன? நோயாளிகளுக்காக, இயலாதவர்களுக்காக, மழை பெய்யும் இரவில் தூரம் நடக்க முடியாதவர்களுக்காக என்றார்கள். அந்தக் காரணங்களில் ஒன்றாவது கெட்ட காரணமா? இன்றைக்கு ஒரு நோட்டீசில் அச்சடித்து வந்தால் நாமே சந்தா கொடுத்து விடுவோம். ஆக, சொல்லப்படும் காரணம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது. காரணத்துக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் தேடிப் பார்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லி விட வேண்டும். அந்தப் பள்ளியின் அந்தரங்கம் வெளியானது வஹீயின் மூலம். நமக்கு வஹீ வருவதில்லை. எதிர்த் தெருவில் நமக்குப் பிடிக்காத நாலு பேர் ஒரு பள்ளி கட்டியதும், “அது மஸ்ஜிது ளிரார்” என்று மிம்பரில் ஏறிச் சொல்பவர் மற்றவரின் நிய்யத்தைத் தாம் அறிந்து விட்டதாகச் சொல்கிறார். எவ்வளவு பெரிய வாதம் அது! அந்த வசனம் கட்டப் போகிறவன் தன்னைத் தானே கேட்டுக் கொள்ள இறங்கியதே தவிர, பக்கத்து வீட்டுக்காரன் மேல் வீசுவதற்காக அன்று என்பது நம் கருத்து.

பழையது கெட்டுப் போயிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நாயகம் அவர்களின் வாழ்க்கையைவிடப் பெரிய விளக்கம் நமக்கு வேறு எங்கே கிடைக்கப் போகிறது? கஃபாவைப் பாருங்கள். இப்ராஹீம் நபியும் இஸ்மாயீல் நபியும் (அலை) கட்டிய அந்த வீட்டில் 360 சிலைகள் இருந்தன. ஒரு பள்ளி இதைவிடக் கெட முடியுமா? ஆயினும் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து, அங்கே ஒரு சமுதாயமும் அரசும் அமைந்த பின்னரும், நாயகம் அவர்கள் மதீனாவில் இன்னொரு கஃபாவை எழுப்பவில்லை. அந்தப் பழைய வீட்டையே கிப்லாவாக்கி அதை நோக்கித் தொழுதார்கள். ஹிஜ்ரி 7-இல் உம்ராவுக்கு வந்தபோது சிலைகள் அப்படியே இருக்கத்தான் தவாஃபு செய்தார்கள். போட்டியாக ஒரு புது ஆலயம் கட்டி மக்களைத் திருப்ப நினைத்தவன் யமனை ஆண்ட அப்ரஹா. அவன் கதையை ஃபீல் சூரா ஓதும் நம் குழந்தைகள்கூட அறிவார்கள்.

பிறகு ஹிஜ்ரி 8-இல் மக்கா வெற்றி வந்தது. இனி எல்லாம் தம் கையில் என்ற அந்த நாளில் நாயகம் அவர்கள் செய்தது என்ன? சிலைகளை அகற்றினார்கள், அதில் எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் கஃபாவின் சாவியை யாரிடம் கொடுத்தார்கள்? தலைமுறை தலைமுறையாக அதை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திரும்பக் கொடுத்தார்கள். முன்பு ஒரு காலத்தில் நாயகம் அவர்களுக்கே கதவைத் திறக்க மறுத்தவர் அவர். சொந்தக் குடும்பத்தார் அந்தச் சாவியைக் கேட்டும் கொடுக்கவில்லை. அன்று கொடுத்தது இன்று வரை ஷைபீ குடும்பத்திலேயே இருக்கிறது. 2024 ஜூனில் சாவியின் காப்பாளர் மறைந்தபோதும் அதே குடும்பத்தின் அடுத்தவரிடம்தான் அது போயிற்று. நம் ஊரில் கமிட்டி மாறினால் முதலில் மாறுவது என்ன? பூட்டு! இரண்டாவது மாறுவது மோதினார்.

அதோடு முடியவில்லை. குறைஷிகள் கஃபாவைப் புதுப்பித்தபோது பணம் போதாமல் ஒரு பகுதியை வெளியே விட்டு விட்டார்கள். இப்ராஹீம் நபியின் அஸ்திவாரத்தின்படி அதைத் திருத்திக் கட்ட நாயகம் அவர்களுக்கு விருப்பம் இருந்தது. ஆனால் தம் சமூகத்தார் ஜாஹிலிய்யத்திலிருந்து இப்போதுதான் விலகி வந்தவர்கள், அவர்கள் மனம் ஏற்காது என்பதற்காக அப்படியே விட்டு விட்டதாக ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. பின்னால் இப்னு ஸுபைர் (ரலி) அந்த விருப்பப்படி கட்டினார்கள். சுமார் பத்து வருடத்துக்குள் ஹஜ்ஜாஜ் அதை இடித்துப் பழையபடியே ஆக்கினான். பிற்காலத்தில் ஒரு கலீஃபா மறுபடியும் மாற்றிக் கட்டலாமா என்று யோசனை கேட்டபோது இமாம் மாலிக் (ரஹ்) தடுத்து விட்டார்கள்; அரசர்கள் மாறி மாறி விளையாடும் பொருளாக அல்லாஹ்வின் வீடு ஆகி விடும், மக்களின் உள்ளத்தில் அதன் கண்ணியம் போய் விடும் என்று அஞ்சினார்கள். சரியான திருத்தமே ஆனாலும், மக்கள் தாங்கும் காலம் வரை காத்திருக்க வேண்டியதும் உண்டு. பள்ளிவாசல் கமிட்டியில் முதல் மாதத்திலேயே ஊர் வழக்கம் அத்தனையையும் புரட்டிப் போட நினைக்கும் நம் தம்பிமார்கள் இந்த ஹதீஸை ஒரு முறை ஆற அமரப் படிக்க வேண்டும்.

அப்படியானால் புதிதாகத் தொடங்குவதே கூடாதா? அப்படி யார் சொல்ல முடியும்! மதீனாவில் மஸ்ஜிதுன் நபவீ புதிதாகத்தான் எழுந்தது. ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைப் பிள்ளைகளுக்குச் சொந்தமான நிலம் அது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும் நாயகம் அவர்கள் கிரயம் கொடுத்தே வாங்கினார்கள்.

நம் கரையோரத்திலிருந்து போனவர்களும் போன இடமெல்லாம் புதிதாகத்தான் தொடங்கினார்கள். 1786-இல் ஆங்கிலக் கம்பெனி பினாங்கில் குடியேற்றம் ஆரம்பித்தபோது சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அங்கே சென்றனர். பரங்கிப்பேட்டையிலிருந்து போனவராகச் சொல்லப்படும் காதிர் முஹியித்தீன் மரைக்காயரின் தலைமையில் 1801-இல் எழுந்ததுதான் இன்றும் ஜார்ஜ் டவுனில் நிற்கும் கப்பித்தான் கிளிங் பள்ளி. 1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் வைத்தனர்; 1826-இல் அங்கே ஜாமிஆ சூலியாப் பள்ளி வந்து விட்டது. யாரையும் விட்டுப் பிரிந்து வந்து கட்டிய பள்ளிகள் அல்ல இவை. தொழ இடமில்லாததால் கட்டியவை. நம் மாவட்டத்திலேயே நெய்வேலியை எடுத்துக் கொள்ளலாம். 1956-இல் நிலக்கரி நிறுவனம் அமைந்து, காட்டிலும் வயலிலும் ஒரு புது நகரம் உருவாகி, எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஜமாஅத் ஒன்றைத் தொடங்குவது கடமை. தொடங்காமல் இருப்பதுதான் குற்றம்.

நம் கடலோர ஊர்களில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபின் ஃபிக்ஹு நூல்கள் இதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கின்றன என்பது வியப்பாயிருக்கிறது. தேவையில்லாமல் ஒரே ஊரில் இரண்டு ஜும்ஆ கூடாது என்பது அந்த மத்ஹபின் சட்டம். தேவை என்றால் என்ன? ஒரே இடத்தில் கூடுவது சிரமமாக இருக்க வேண்டும். ஜனம் பெருகி இடம் போதாமை ஒன்று. ஊரின் இரு கோடிகளுக்கும் இடையில் தூரம் அதிகமாயிருத்தல் ஒன்று. மூன்றாவதாக அவர்கள் சொல்வதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: இரு தரப்பாருக்குள் சண்டை! ஒரே இடத்தில் கூடினால் வெட்டுக் குத்து ஆகும் என்ற நிலை இருந்தால் தனித்தனியே ஜும்ஆ நடத்தலாம் என்று அனுமதித்தார்கள். ஹனஃபி மத்ஹபில் இந்த விஷயத்தில் தாராளம் அதிகம்.

இந்த மூன்றாவது காரணத்தைச் சிலர் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக் கொள்ளக் கூடும். மனிதர்களின் இயல்பை அறிந்த இமாம்கள், ரத்தம் சிந்துவதைத் தடுக்கத் திறந்து வைத்த ஒரு கதவு அது. அந்தக் கதவு வழியே போகிறவர்களைப் பாராட்டியதாக எங்கும் இல்லை. முத்தவல்லி முகம் கொடுத்துப் பேசவில்லை, மீலாது மேடையில் நம் பெயரைச் சொல்லவில்லை, நம் ஆளுக்கு இமாமத் கொடுக்கவில்லை, இவையெல்லாம் மனத்தாங்கல். இடமின்மை வேறு, தூரம் வேறு, மனத்தாங்கல் வேறு. புதுப் பள்ளி கட்டத் துடிப்பவர் தம் நெஞ்சில் கை வைத்து, “பழைய பள்ளியில் இடம் தாராளமாக இருந்து, இதே நபர்கள் நிர்வாகத்தில் இல்லாமல் இருந்திருந்தால் நான் இதைக் கட்டியிருப்பேனா?” என்று கேட்டுப் பார்க்கட்டும். ஏழு பேர் சேர்ந்து தொடங்கும் சங்கத்தில் ஏழு பேரும் ஒரே மாதிரி நினைப்பவர்களாகத்தான் இருப்பார்கள். நாம் பொறுக்கிச் சேர்த்தவர்கள் அல்லவா? மஹல்லாவோ அப்படியன்று. அங்கே இருமிக் கொண்டே தொழும் பெரியவரும், கணக்குக் கேட்டால் கோபிக்கிற நாட்டாண்மையும், வருடத்துக்கு இரண்டு பெருநாளைக்கு மட்டும் வந்து முதல் ஸஃப்பில் நிற்பவரும் நம்மைக் கேட்காமல் அல்லாஹ் நம்மோடு சேர்த்து வைத்த மனிதர்கள். பொறுமை என்று குர்ஆன் மீண்டும் மீண்டும் சொல்வதெல்லாம் இப்படிப்பட்டவர்களோடு வாழ்வதற்காகத்தானே?

இனி, வெளியே போகாமல் பழையதையே கைக்குக் கொண்டு வர நினைக்கும் இரண்டாவது கூட்டத்தாரிடம் வருவோம். இவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். ஏனெனில், பொறுப்பேற்பது வேறு, கைப்பற்றுவது வேறு.

கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு பழைய கதை. ஆங்கிலக் கம்பெனி சென்னையில் 1639-இல் இடம் வாங்கி, மணல் மேட்டில் புதிதாகக் கோட்டை கட்டியது. கடலூரிலோ, தேவனாம்பட்டினத்தில் ஏற்கெனவே இருந்த கோட்டையை 1690-இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம்? பீரங்கியால் சுட்டால் குண்டு விழும் தூரம் வரை என்று ஒப்பந்தம். கோட்டையிலிருந்து நாலா பக்கமும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்களெல்லாம் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்று அவர்கள் வசமாயின. அங்கே உழுது கொண்டிருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைப்பற்றுதல் என்பது இதுதான். நாற்பது வாலிபர்களைத் திடீரென்று உறுப்பினராக்கி, ஒரே இரவில் கமிட்டியை மாற்றி, மறுநாள் காலை முப்பது வருடம் பாங்கு சொன்ன மோதினாரை வெளியே அனுப்புகிறவர்கள் கம்பெனிக்காரனின் வழியில் போகிறார்கள். மக்கா வெற்றியின் வழியில் அல்ல.

பொறுப்பேற்றல் எவ்வளவு கனமானது என்பதைச் சிதம்பரத்தில் கண்ணாரக் கண்டோம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகமாயிற்று. பல்லாண்டுகளுக்குப் பிறகு பணமுடை முற்றி, ஊழியர் சம்பளத்துக்கே திண்டாட்டம் வந்தபோது, 2013-இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. கட்டடங்களும் பேரும் புகழும் மட்டுமா வந்தன? கடனும் வந்தது, தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் இருந்த ஊழியர்களும் வந்தார்கள். அவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பாமல், தமிழ்நாடு முழுவதும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றி அனுப்ப வேண்டி வந்தது. அதன் மருத்துவக் கல்லூரி 2021-இல் சுகாதாரத் துறைக்குப் போனது. வருடங்கள் ஓடியும் சிக்கல் முழுதாகத் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. அரசாங்கமே இப்படித் திணறுகிறது என்றால், ஓர் ஊர் ஜமாஅத்தை ஏற்கிறவர்கள் எந்த எண்ணத்தோடு ஏற்க வேண்டும்? முந்திய கமிட்டி வாங்கிய கடன் இனி இவர்கள் கடன். முந்தியவர்கள் கொடுத்த வாக்கு இனி இவர்கள் வாக்கு. வக்ஃபு செய்தவர் என்ன நிபந்தனை வைத்தாரோ அது ஷரீஅத்தின் கட்டளை போலப் பேணப்பட வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் விதி. அந்த நிபந்தனை இவர்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்தான்.

இந்தப் பழைய சுமைக்குள்ளேயே பெரிய சொத்தும் இருக்கிறது. 26-12-2004 காலையில் கடல் பொங்கி வந்தபோது பரங்கிப்பேட்டைக் கரையோர மீனவ மக்கள் உடுத்த துணியோடு ஓடி வந்தனர். அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டும், தங்க இடம் கொடுத்தும் அவ்வூர் ஜமாஅத் நின்றதை மாவட்டமே அறியும். நூறு பேருக்கு ஆக்கும் தேக்சாக்கள் எந்த மண்டபத்தில் இருக்கின்றன, அரிசி மூட்டைக்கு எந்தக் கடைக்காரரை எழுப்பலாம், யார் சொன்னால் தெரு முழுவதும் இறங்கி வேலை செய்யும், இவையெல்லாம் பல தலைமுறை சேர்ந்து வாழ்ந்த ஊருக்குத்தான் தெரியும். பதிவு அலுவலகத்தில் கட்டணம் கட்டி அதை வாங்கிக் கொண்டு வர முடியாது.

அண்மைக் காலத்து உதாரணமும் உண்டு. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. ஜூன் 6 அன்று மத்திய அரசு ‘உமீத்’ என்ற இணையப் பதிவேட்டைத் தொடங்கி, ஏற்கெனவே பதிவான வக்ஃபுகளின் விவரங்களை ஆறு மாதத்துக்குள் அதில் ஏற்ற வேண்டும் என்றது. சட்டத்தின் நன்மை தீமை பற்றி நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அதற்குள் நாம் போகவில்லை. அந்த வேலைக்கு என்ன தேவைப்பட்டது என்று மட்டும் பாருங்கள். பாட்டனார் காலத்துப் பத்திரம், சர்வே எண், எந்த வயல் எந்த விளக்குக்கு எண்ணெய் கொடுக்க எழுதி வைக்கப்பட்டது என்ற விவரம், இவை பெரியவர்களின் மரப்பெட்டியிலும் நினைவிலும் இருந்தன. அதைக் கணினியில் ஏற்றும் திறமை வாலிபர்களிடம் இருந்தது. வாலிபர்கள் தனிப் பள்ளிக்குப் போய் விட்ட ஊரில் மரப்பெட்டி ஒரு தெருவிலும் கணினி மறு தெருவிலும் இருந்தன. நஷ்டம் யாருக்கு? வக்ஃபு செய்து விட்டு மண்ணறையில் இருப்பவருக்கும், இனிமேல் பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும்.

இவ்வளவும் வாலிபர்களுக்குச் சொன்னோம். பெரியவர்கள் இதைப் படித்து விட்டு, “நன்றாகச் சொன்னீர்கள்” என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்து விட வேண்டாம். பல ஊர்களில் புதுப் பள்ளியின் முதல் கல்லை எடுத்துக் கொடுத்தவர்கள் பழைய பள்ளியின் கமிட்டியார்தான்.

முன்னே சொன்ன அதே ஹதீஸில் இன்னொரு செய்தி இருக்கிறது. கஃபாவின் வாசல் ஏன் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள். தாங்கள் விரும்பியவரை உள்ளே விடவும் விரும்பாதவரைத் தடுக்கவுமே குறைஷிகள் அப்படிச் செய்தார்கள் என்று நாயகம் அவர்கள் விளக்கினார்கள். வாசலை உயர்த்திக் கட்டும் வழக்கம் குறைஷிகளோடு போய் விட்டதா? உறுப்பினர் சந்தாப் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைப்பதும், கணக்குக் கேட்டவனை ‘நேற்றுப் பிறந்தவன்’ என்று அடக்குவதும், ஒரே குடும்பத்துக்குள் பதவியைச் சுற்றி விடுவதும் வாசலை உயர்த்துகிற வேலைதான். சாவி ஷைபீ குடும்பத்தில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. அவர்கள் சாவியைத்தான் வைத்திருக்கிறார்கள், சந்தாப் பணத்தையல்ல.

வாலிபர்களுக்கு வேலை கொடுங்கள். பெயர் போட்ட பதவி வேண்டியதில்லை. மக்தபைப் பார்த்துக் கொள்ளச் சொல்லலாம். ஜகாத் வாங்கத் தகுதியுள்ள வீடுகளைக் கணக்கெடுக்கச் சொல்லலாம். வருடக் கணக்கை எழுதிப் பலகையில் ஒட்டச் சொல்லலாம். 1920-களில் மேவாத்தில் மௌலானா முஹம்மது இல்யாஸ் (ரஹ்) தொடங்கிய தப்லீக் பணி உலகம் முழுவதும் பரவியது எப்படி? ஊர் ஊராகப் புதுப் பள்ளி கட்டியா? இருக்கிற பள்ளியில் பாயை விரித்து, இருக்கிற மக்களையே அழைத்துத்தான். அந்தப் பணியைப் பற்றி ஆலிம்களிடையே பல அபிப்பிராயங்கள் இருக்கலாம். இந்த ஒரு முறையைக் குறை சொல்பவர் அரிது.

ஏற்கெனவே பிரிந்து போய், ஒரே தெருவில் இரண்டு பள்ளியில் பாங்கு ஒலிக்கும் ஊர்களின் நிலை என்ன? புதுப் பள்ளியை இடிக்கச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. பள்ளியாக வக்ஃபு செய்யப்பட்டு விட்டால் அதுவும் அல்லாஹ்வின் வீடுதான். ஆனால் பிரிவின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆண்கள் இரண்டு பள்ளிக்குப் பிரிந்து போய் விடுகிறார்கள். அக்காளும் தங்கையும் இரண்டு ஜமாஅத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால் ஒருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவள் போவதே சங்கடமாகி விடுகிறது. பெண் கேட்டு வந்த இடத்தில், “நீங்கள் எந்தப் பள்ளி?” என்ற கேள்வி முதலில் வருகிறது. நிக்காஹ் தஃப்தர் தர மாட்டோம் என்று ஒரு கமிட்டி சொல்ல, மணப்பெண்ணின் தகப்பனார் இரண்டு வாசலுக்கும் நடக்கிறார்.

எல்லாவற்றிலும் கொடுமை கபரஸ்தான் விஷயம். மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு வைத்து விட்டு, இவர் கடைசியாக எந்தப் பள்ளிக்குச் சந்தா கட்டினார் என்று பேசிக் கொண்டிருக்கும் செய்தி நம் காதுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. ஊர் முஸ்லிம்கள் அனைவருக்கும் என்று எழுதி வைத்த வக்ஃபு நிலத்தில் பங்கு பிரிக்கும் உரிமையை எந்த முத்தவல்லிக்கும் யாரும் கொடுக்கவில்லை. இரண்டு பள்ளியாரும் மற்ற வழக்குகளைப் பிறகு பேசிக் கொள்ளட்டும். வரும் ரமளானுக்கு முன் இந்த ஒன்றுக்காவது சேர்ந்து உட்கார்ந்து, கபரஸ்தானைச் சந்தாக் கணக்கிலிருந்து விடுவிக்கும் ஒரு தீர்மானத்தை எழுதி, இரண்டு பள்ளியின் வாசலிலும் ஒட்டி வைக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.